புதுச்சேரி வீட்டுப் பெட்டிக் காசு: கிரேடிங்குக்கு அனுப்பலாமா, அப்படியே வைக்கலாமா?

"தாத்தா சைகோனில் இருந்து கொண்டு வந்த வெள்ளிக்காசு இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கினால் விலை ஏறுமா?" "காந்தி வீதி ஞாயிறு சந்தையில் 1911 ரூபாய் ஒன்று வாங்கினேன், யாரோ கை வைத்த மாதிரி இருக்கிறது, என்ன செய்வது?" இப்படிக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது: ஸ்லாபில், அதாவது கிரேடிங் நிறுவனம் காசைச் சோதித்துத் தர எண் போட்டு மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியில், போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். தீராது. சில காசுகளுக்கு அது சரியான செலவு, பல காசுகளுக்கு வீண் செலவு. இன்னொரு பெரிய பகுதிக் காசுகளை அனுப்பச் சட்டமே இடம் தராது. அதைக் கடைசியில் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம்.

நம் பக்கத்துப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் நான்கு வகை. விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரையான வெள்ளி ரூபாய்கள்; இந்தோசீனாவில் வேலை பார்த்த குடும்பங்களிடம் தங்கிவிட்ட பியாஸ்டர் என்ற பிரெஞ்சு இந்தோசீன வெள்ளிக்காசு; ஒரு பக்கம் லில்லிப்பூவும் மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்ற எழுத்தும் உள்ள செம்புத் துட்டு; கடலூர்ப் பக்கம் அடிக்கடி கைமாறும் சோழர் செப்புக்காசு. இந்தக் கட்டுரை முக்கியமாக முதல் இரண்டைப் பற்றியது. திருத்து வேலை அதிகம் நடப்பதும் கிரேடிங் ஆசை அதிகம் வருவதும் அவற்றில்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, உங்கள் சந்தேகம் எதைப் பற்றியது? காசு அசலா என்பதா, அசல்தான் ஆனால் யாராவது திருத்தினார்களா என்பதா, இரண்டிலும் சந்தேகமில்லை, தரம் எவ்வளவு என்பது மட்டும்தானா? மூன்றுக்கும் மருந்து வேறு.

அடுத்தது வயது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த எந்தக் காசும் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையான சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பார்சலில் போனாலும் கைப்பையில் போனாலும் ஏற்றுமதி ஏற்றுமதிதான். பிசிஜிஎஸ் என்ற அமெரிக்க கிரேடிங் நிறுவனத்துக்குப் பாரிஸில் அலுவலகம் இருப்பதால், "பிரான்ஸில் இருந்து லீவுக்கு வந்த சித்தப்பா திரும்பும்போது கொடுத்து அனுப்பலாமே" என்ற யோசனை நம் ஊரில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வரும். சித்தப்பாவை ஏர்போர்ட்டில் மாட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது பணக்கணக்கு. கிரேடிங்கால் கூடுகிற விலை, அதற்கு ஆகும் மொத்தச் செலவைப் போல மூன்று நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நினைத்ததைவிடக் குறைந்த தரம் வருவதுதான் வழக்கம் என்பதால் இந்த இடைவெளி தேவை.

கடைசியாக, வாங்கப்போவது யார்? காசைக் கையில் எடுத்துப் பார்க்கப் போகிற சென்னை டீலருக்கு ஸ்லாப் தேவையில்லை. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பப் போகிறவருக்குத் தேவை. விற்கவே போவதில்லை என்றால் இந்தக் கேள்வியே இல்லை.

## செலவுக்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியது

போலிக் காசும் திருத்திய காசும் ஒன்றில்லை. போலி என்பது வேறு உலோகத்திலோ வேறு அச்சிலோ புதிதாகச் செய்தது. திருத்தியது என்பது அசல் காசை எடுத்து ஆண்டையோ முத்திரையையோ மேற்பரப்பையோ மாற்றியது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்: எடை சரி, வெள்ளி சரி, ஓசை சரி, ஆகவே காசும் சரி என்று. திருத்திய காசு பெரும்பாலும் இந்தப் பரீட்சை எல்லாவற்றிலும் பாஸ் ஆகும். அது அசல் வெள்ளிதானே!

முதலில் போலியை ஒதுக்கிவிடுவோம், அது சுலபம். 1862 முதல் 1939 வரையான ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது, விளிம்பில் பாதுகாப்புக் கீற்று வந்தது. பியாஸ்டர் தன் எடையைத் தானே சொல்லும்: 27 கிராம், 900 தரம் (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி) என்று பிரெஞ்சில் காசின் மேலேயே அடித்திருக்கும். 1885-இல் தொடங்கிய பழைய வகையில் 27.215 என்று இருக்கும், 1895-இல் அது மாறியது. அந்த எண்ணுக்கும் உங்கள் தராசுக்கும் தேய்மானத்தை மீறிய வித்தியாசம் இருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

எடையையும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அதற்குத் தண்ணீர்ச் சோதனை. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பழைய ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 27 கிராம் பியாஸ்டருக்கு 2.62 வரும். பித்தளையிலோ செம்பிலோ செய்து வெள்ளி முலாம் போட்டிருந்தால் கணிசமாகக் கூடுதலாகக் காட்டும். நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும், தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். உரைகல்லில் மட்டும் உரச விடாதீர்கள். உரசிய இடம் கடைசிவரை கீறலாகவே இருக்கும்.

இனித் திருத்து வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் இருந்து விழும் ஒரே ஒரு விளக்கு, இவை போதும்.

ஆண்டு மாற்றம். 1939 ரூபாய் அரியது. அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும். 8-இன் கீழ்வளையத்தில் இடது பக்கத்தைச் சுரண்டினால் அது 9 ஆகிவிடும், உலோகம் சேர்க்கவே வேண்டியதில்லை. ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள், எண்ணைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். அச்சில் விழுந்த காசில் எண் நிற்கும் தரையும் மற்ற இடத்துத் தரையும் ஒரே மாதிரி ஒளிரும். சுரண்டிய இடத்தில் சின்னப் பள்ளமோ, ஒரே திசையில் ஓடும் நுண்கீறலோ, மழமழவென்ற செத்த பரப்போ இருக்கும். காசைச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளி அந்த இடத்தில் மட்டும் தடுக்கி நிற்கும். பிறகு நல்ல ஏலப் படம் ஒன்றோடு 9-இன் வாலை ஒப்பிடுங்கள்.

1911 ரூபாய் இன்னும் வேடிக்கையானது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் குட்டி யானையின் துதிக்கை கட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்தது. அடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம்தான் வெளியே போனது. 1912-இல் யானையைத் திருத்திவிட்டார்கள். 1912-இன் 2-ஐ 1 ஆக்குவது பெரிய வேலையில்லை. ஆனால் அங்கியில் இருப்பது நீண்ட துதிக்கை வைத்த 1912 யானையாகவே இருக்கும்! ஆண்டைப் பார்க்கும் முன் யானையைப் பாருங்கள்.

காசுமாலையில் இருந்து கழற்றியது. நம் ஊரில் இதுதான் அதிகம் என்பேன். தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். வளையம் பற்றவைத்திருந்த இடத்தில் விளிம்புப் பற்கள் அழிந்திருக்கும், அல்லது புதிதாக வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டிய பற்கள் மற்றவற்றின் இடைவெளியோடு சேராது. பற்றவைத்த உலோகம் கொஞ்சம் மஞ்சளோடியிருக்கும். ஓட்டை போட்டு அடைத்த காசில், அடைப்பின் மேல் ஓடும் முடிக்கற்றையோ எழுத்தோ கையால் செதுக்கியது என்று பக்கவிளக்கில் பளிச்சென்று தெரியும். விரல் நுனியில் நிறுத்தி லேசாகத் தட்டினால் ஓசை சட்டென்று செத்துவிடும்.

மெருகும் சாயமும். புளி, சாம்பல், பல்பொடி போட்டுத் தேய்த்த பூஜையறைக் காசு எல்லாருக்கும் தெரியும். கம்பி பிரஷ் மெஷினில் ஓட்டியது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. அது பார்வைக்குப் புதுக்காசு ஒளியைப் போலவே இருக்கும். லென்ஸில் எழுத்தோரங்களில் உலோகம் தள்ளப்பட்டு வரப்பு கட்டியிருந்தால் அதுதான் மெஷின் வேலை. இயற்கையான டோனிங் (காலப்போக்கில் தானாக ஏறும் நிறம்) விளிம்பில் தொடங்கி மஞ்சள், செம்மை, நீலம் என்று படிப்படியாக நகரும். கந்தகத்தில் வாட்டிய நிறம் பழைய கீறலின் மேலும் ஏறி ஒரே சீராகப் படிந்திருக்கும்.

இரண்டு பக்கமும் தலை உள்ள ரூபாய், நடுவட்டம் திரும்பிய பத்து ரூபாய் போன்ற 'அரிய பிழைக்காசு'களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளிம்பின் உள்பக்கத்தில் வட்டமாக ஓடும் பொருத்துக்கோட்டைத் தேடுங்கள். வைஷ்ணோ தேவி உருவம் உள்ள காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்கிறவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்துவிட்டது.

## வழி 1: அப்படியே வைத்துக்கொள்வது

கேட்க சும்மா இருப்பது போலத் தோன்றும். ஆனால் கடற்கரை ஊரில் சும்மா வைப்பதற்கும் செலவு உண்டு. உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் காசின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலம் விடும். அந்தப் படலம் இருந்தால் பின்னால் எந்த கிரேடிங்கிலும் குறைதான். பிவிசி இல்லாத உறை, காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இவ்வளவு போதும்.

வீட்டு ஞாபகம் சார்ந்த காசு, காசுமாலையில் இருந்து வந்த காசு, தேய்ந்த சாதாரண ஆண்டு ரூபாய் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

## வழி 2: அனுபவசாலியிடம் காட்டுவது

பாதிச் சந்தேகங்கள் இங்கேயே தீரும். சென்னையில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் ஒரே மண்டபத்தில் பல டீலர்கள் இருப்பார்கள். ஒரே காசை மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டலாம். பணச்செலவு பஸ் கட்டணம்தான்.

மறைந்திருக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. கருத்துச் சொல்கிறவரே வாங்கவும் விரும்புகிறவர். "பாலிஷ் போட்டிருக்கு சார், ஒண்ணும் பெருசா தேறாது" என்பது உண்மையாகவும் இருக்கலாம், பேரமாகவும் இருக்கலாம். அதனால் விற்பனைக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், "இதே காசு உங்களிடம் இருந்தால் என்ன விலை போடுவீர்கள்?" என்று கேளுங்கள். திருத்தியது என்று சொன்னால், எந்த இடம் என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அரசு அருங்காட்சியகத்தில் எந்தக் காலத்துக் காசு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விலைச் சான்று எழுதித் தருவது அவர்கள் வேலை இல்லை.

## வழி 3: இந்திய ஏல நிறுவனம்

மும்பை, பெங்களூரு பக்கத்து நாணய ஏல நிறுவனங்கள் காசைப் பட்டியலில் சேர்க்கும் முன் தாங்களே பார்த்துச் சலித்துவிடும். சந்தேகமான காசு திரும்பி வந்துவிடும், அதுவே ஒரு பதில்தான். நூறு ஆண்டு கடந்த நல்ல காசுக்கு இதுதான் நேர்வழி. பட்டியலிலேயே ஏற்றுமதிக்கு இல்லை என்று குறித்து விற்பார்கள்.

கமிஷன் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். விற்காவிட்டால் யார் செலவில் திரும்பும், குறைந்தபட்ச விலையை யார் நிர்ணயிப்பது, பணம் எத்தனை நாளில் வரும், வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பல தனியார் கூரியர்கள் காசை ஏற்பதில்லை. 'கைவினைப் பொருள்' என்று எழுதி அனுப்பினால் இழப்பீடும் கிடைக்காது.

## வழி 4: வெளிநாட்டு கிரேடிங்

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு கிரேடிங் நிறுவனங்களும் எண்பதுகளில் அமெரிக்காவில் தொடங்கியவை. 1949-இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக்காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலைத்தான் இரண்டும் பின்பற்றுகின்றன. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. 63-க்கும் 65-க்கும் இடையே சில காசுகளில் விலை பல மடங்கு தாவும். கிரேடிங்கின் நியாயமே அந்தத் தாவலில்தான் இருக்கிறது. தேய்ந்த காசில் 20-க்கும் 25-க்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை.

திருத்திய காசை அனுப்பினால் எண் கிடைக்காது. 'டிடெயில்ஸ்' என்று போட்டு, கழுவியது, பரப்பு மாற்றியது என்று காரணம் எழுதி அனுப்புவார்கள். போலி என்றாலும், ஆண்டு திருத்தியது என்றாலும் அசல் ஸ்லாபே கிடைக்காது. எது வந்தாலும் கட்டணம் போனது போனதுதான். 'டிடெயில்ஸ்' ஸ்லாபில் இருக்கும் சாதாரணக் காசு, ஸ்லாப் இல்லாத அதே காசைவிட விற்கக் கஷ்டம். குறையை நீங்களே காசு கொடுத்து அச்சடித்து ஒட்டிய கணக்கு அது.

கட்டணப் பட்டியலில் தெரிவது ஒரு பகுதிதான். உறுப்பினர் கட்டணம், கையாளும் கட்டணம், இரு வழிக் காப்பீடு, டாலர் மாற்றத்தில் வங்கி பிடிப்பது, திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று கஸ்டம்ஸுக்குக் காட்ட வேண்டிய காகிதங்கள், எல்லாம் தனி. நீங்கள் அறிவிக்கும் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். டீலர் மூலம் மொத்தமாக அனுப்பினால் கொஞ்சம் குறையும், ஆனால் மாதக்கணக்கில் காசு உங்கள் கையில் இருக்காது.

இந்தியாவுக்குள்ளேயே பெட்டியில் போட்டு எண் தருகிறோம் என்று யாராவது வந்தால், உங்கள் முடிவு தவறாக இருந்தால் இழப்பீடு தருவீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் வாங்குவது பிளாஸ்டிக் பெட்டி. ஏற்கெனவே ஸ்லாபில் இருக்கும் காசை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்லாபிலும் போலி உண்டு. அதன் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள படத்தில் இருக்கும் கீறலும் கறையும் கையில் உள்ள காசில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது.

| வழி | எந்தச் சந்தேகம் தீரும் | கண்ணில் படாத செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| அப்படியே வைப்பது | எதுவும் தீராது | உப்புக்காற்று, பிவிசி உறை | விற்கும் எண்ணம் இல்லாதபோது. சாதாரண ஆண்டு |
| அனுபவசாலி | போலியா, திருத்தியதா | சொல்கிறவரே வாங்குகிறவர் | எல்லாக் காசுக்கும் முதல் படி |
| இந்திய ஏலம் | அசலா. சந்தை விலை | விற்காவிட்டால் திரும்பும் செலவு, காத்திருப்பு | நூறு ஆண்டு கடந்த நல்ல காசு |
| வெளிநாட்டு கிரேடிங் | அசலா, திருத்தியதா, என்ன தரம் | 'டிடெயில்ஸ்' ஆபத்து, கஸ்டம்ஸ், வங்கி | நூறு ஆண்டுக்குள், அரியது, கழுவாதது |

## காசு காசாகச் சொன்னால்

1911 ரூபாய் யானைச் சோதனையில் தேறினால் இந்திய ஏலம்தான் அதன் இடம். வெளியே அனுப்ப முடியாது.

1939 ரூபாய்க்குத்தான் வெளிநாட்டு கிரேடிங் முழுமையாகப் பொருந்துகிறது. நூறு ஆண்டு ஆகவில்லை, விலை அதிகம், வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கடைசி 9 மேல் சந்தேகம். மூன்று பேர் லென்ஸில் பார்த்துச் சரி என்ற பிறகு அனுப்புங்கள். மூவரில் ஒருவர் முகம் சுளித்தாலும், எந்த இடம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

சைகோன் பியாஸ்டரில் பலர் நினைப்பதற்கு மாறான நிலை. 27 கிராம் வகை 1928 வரை வந்தது. அதில் பெரும்பாலான ஆண்டுகள் நூறைத் தாண்டிவிட்டன, அவை வெளிநாட்டுக் காசாக இருந்தாலும் சட்டத்துக்குத் தொல்பொருள்தான். மிச்சமிருக்கும் ஓரிரு ஆண்டுகளும் 2028-க்குள் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். 1931-இல் வந்த 20 கிராம் பியாஸ்டருக்கு மட்டும் இன்னும் சில ஆண்டுகள் உண்டு. புழங்கித் தேய்ந்த பியாஸ்டர் என்றால் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள், 2.62-ஐ ஒட்டி வந்தால் உறையில் போட்டு வையுங்கள்.

துட்டுக்கும் சோழர் காசுக்கும் கிரேடிங் பேச்சே வேண்டாம். வார்ப்புப் போலியைக் கண்டுபிடிக்க அதே காசை நூறு முறை கையில் எடுத்த ஆள் வேண்டும், அவர் நம் ஊர்ப் பக்கத்தில்தான் இருப்பார். அஸ்திவாரம் தோண்டும்போது பானையோடு கிடைத்தது என்றால் அது வேறு கதை: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி முதலில் போக வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம்.

1912 முதல் 1920 வரையான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் பத்து இருபது சேர்ந்து கிடைத்தால், யானையையும் விளிம்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, புதுசு போல இருப்பதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். மற்றவை அன்றைய வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். விற்க முடிவெடுத்தால் அன்று காலை விலையைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள், முந்தைய நாள் புளி போட்டுத் தேய்க்காமல்.